எழுத்துப்பிழை: வாயில் பிறந்ததா, கண்ணில் பிறந்ததா?

குழந்தை ‘பல்லிக்கூடம்’ என்று எழுதினால் அதைச் சிவப்பு மையில் சுழித்து, ‘பள்ளிக்கூடம்’ என்று பத்து முறை எழுதச் சொல்வது பழைய வழக்கம். குழந்தை என்ன செய்யும்? முதலில் மேலிருந்து கீழாகப் பத்து ‘ப’, அடுத்து பத்து ‘ள்’, அப்புறம் பத்து ‘ளி’. பக்கம் நிறையும். சொல்லை முழுதாக ஒரு முறைகூட எழுதியிருக்காது.

திருத்துவதற்கு முன் அந்தப் பிழை எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். மருந்து அதைப் பொறுத்துத்தான்.

ல, ள, ழ குழப்பம் வாயில் பிறப்பது. ‘ல’ சொல்லும்போது நாக்கின் நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். ‘ள’வுக்கு நுனி பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொடும். ‘ழ’வுக்கும் வளையும், ஆனால் எங்கும் ஒட்டாது. வலி, வளி, வழி என்று மூன்றையும் மெதுவாகச் சொல்லவைத்து, நாக்கு எங்கே போகிறது என்று குழந்தையையே கேளுங்கள். வாயில் வேறுபாடு வராதவரை கையில் வராது.

ந, ன வேறு கதை. இன்றைய பேச்சில் இரண்டும் ஒரே ஒலிதான், உச்சரிப்புப் பயிற்சியால் பயனில்லை. இங்கே விதி போதும்: சொல்லின் முதலிலும் ‘த’வுக்கு முன்னும் ‘ந’, மற்ற இடங்களில் பெரும்பாலும் ‘ன’. தந்நகரம், றன்னகரம், டண்ணகரம் என்ற பெயர்களிலேயே பாதிப் பாடம் இருக்கிறது: பந்து, கன்று, வண்டு. ‘ஓட்டுநர்’ போன்ற விலக்குகளைப் பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ர, ற பலருடைய பேச்சில் கலந்துவிட்டன. கரி, கறி, அரை, அறை என்று பொருளோடு சேர்த்துக் கண்ணால் பழகுவதே வழி. வெறும் சொல்லாக வேண்டாம், ‘அரை மணி நேரம் அறையில் இருந்தான்’ என்று வாக்கியமாகக் கொடுங்கள்.

‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’ இரண்டும் பெரியவர்களையும் விடாத பிழைகள். ‘மகிழ்ச்சி’, ‘வளர்ச்சி’ என்று சரியாக எழுதக் கற்ற குழந்தைதான் இப்படி எழுதும். காதில் ‘ர்ச்சி’யும் ‘ற்சி’யும் ஒரே மாதிரி விழுகின்றன. ட், ற் இரண்டுக்கும் அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வராது என்ற ஒரே வரி முயற்சி, பயிற்சி, கட்சி, காட்சி எல்லாவற்றையும் காப்பாற்றும்.

‘எலை’, ‘ஒடம்பு’, ‘கொழந்தை’ எல்லாம் கவனக்குறைவு அல்ல. அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருந்தால் பேச்சில் முதலெழுத்தின் இ எகரமாகவும் உ ஒகரமாகவும் மாறுகின்றன. கேட்டதைக் குழந்தை சரியாகவே எழுதியிருக்கிறது! இதை விதியாகச் சொல்லிக்கொடுத்தால் ‘எடை’யையும் ‘இடை’ ஆக்கிவிடும். ‘வீட்டில் எலை, ஏட்டில் இலை’ என்று சொல்சொல்லாகப் பழக்குவதே நல்லது.

வல்லினம் மிகுதலில் தொடக்க வகுப்புக்கு மூன்று இடங்களே போதும்: அந்த, இந்த, எந்த என்ற சொற்கள் ஒன்று, ‘ஐ’ உருபு இரண்டு, ‘கு’ உருபு மூன்று. இவற்றுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று வரும்: அந்தப் பையன், பாடத்தைப் படித்தான், கடைக்குச் சென்றான். கூடவே ‘வந்த பையன்’ என்பதையும் காட்டிவிடுங்கள். இல்லையென்றால் ‘அந்தப் பையன்’ பார்த்த குழந்தை ‘வந்தப் பையன்’ என்று எழுதும். மிகாத இடங்களின் முழுப் பட்டியல் இந்த வயதில் வீண்.

நிறுத்தக்குறிகளைக் குரலோடு கற்பிக்க வேண்டும். ‘கண்ணன் மாமா எங்கே?’, ‘கண்ணன், மாமா எங்கே?’ என்று இரண்டையும் படித்துக்காட்டி, யாரைத் தேடுகிறோம், யாரிடம் கேட்கிறோம் என்று விசாரியுங்கள். காற்புள்ளியின் வேலை உடனே புரியும். ‘ஆடு, மாடு, கோழி’ என்றால் காற்புள்ளி. ‘ஆடும் மாடும் கோழியும்’ என்றால் அந்த வேலையை ‘உம்’ செய்துவிடுகிறது, காற்புள்ளி வேண்டாம். ‘யார்’ என்ற சொல்லைக் கண்டதும் கேள்விக்குறி போடுவது அடுத்த சிக்கல். ‘யார் வந்தார் என்று தெரியவில்லை’ என்பது கேள்வி இல்லை, முற்றுப்புள்ளிதான்.

இலக்கணத்தில் அதிகம் தடுக்குவது ‘மாடுகள் மேய்ந்தது’. பேச்சில் ‘மேய்ந்தன’ என்ற வடிவமே இல்லை; அஃறிணைப் பன்மையைக் குழந்தை ஏட்டில்தான் முதலில் சந்திக்கிறது. அது – து, அவை – ன என்று இரண்டு நிரல் போட்டு, ஒரே வாக்கியத்தை ஒருமையிலும் பன்மையிலும் வாய்விட்டுச் சொல்லவையுங்கள்.

சொல்வதெழுதலுக்கு ஒரு நாளைக்கு எட்டுச் சொற்கள் போதும்: ஐந்து ஒரே வகை, மூன்று முன்பு தவறியவை. சொல்லைத் தனியாக ஒரு முறை, வாக்கியத்தில் ஒரு முறை, மறுபடி தனியாக ஒரு முறை சொல்லுங்கள். எழுதிய பின் குழந்தையே பலகையைப் பார்த்துத் திருத்தட்டும். தவறிய சொல்லைப் பார்த்து, மூடி, நினைவிலிருந்து எழுதி, திறந்து சரிபார்க்க வேண்டும். மூன்று முறை போதும், ஒவ்வொரு முறையும் மூடுவதுதான் முக்கியம். கட்டுரை ஏட்டிலோ அந்த வாரத்தில் நடத்திய வகைப் பிழையை மட்டும் குறியுங்கள். மற்றவற்றை ஆசிரியர் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டால் அடுத்த வாரத்துச் சொற்கள் அங்கிருந்தே கிடைக்கும்.