நெறியாளர் பயிற்சியில் பாதி நேரம் ஒத்திகைக்கு

மதம், சாதி, நிறம், மொழி, பாலினம், மாற்றுத்திறன், வீட்டு வசதி என்று தங்களுக்குள் இருக்கும் வேறுபாடுகளைப் பற்றி மாணவர்களையே பேசவைக்க வேண்டும். அந்தப் பேச்சை வழிநடத்தும் நெறியாளர்களைத் தயார்செய்யும் பயிற்சிகள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் நடக்கின்றன. காலையில் விரிவுரை, சொற்களுக்கு விளக்கம், மதியம் ஒரு காணொளி, கடைசியில் சான்றிதழ். வந்தவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். ஆனால் ஒரு பையன் "அவங்க எல்லாம் அப்படித்தான் சார்" என்று சொல்லி, இரண்டு பேர் சிரித்து, மூன்றாவது ஆளின் முகம் சுருங்கும்போது என்ன பேசுவது என்று தெரியாது. அந்தப் பத்து விநாடிக்கு விரிவுரை கைகொடுக்காது, வாய் பழகியிருக்க வேண்டும். பயிற்சிக்கு 12 மணி நேரம் ஒதுக்கினால் அதில் 6 மணி நேரமாவது ஒத்திகைக்குப் போக வேண்டும் என்பது என் கணக்கு.

முதலில் ஆள் தேர்வு. அந்த மாணவர்களுக்கு மதிப்பெண் போடுகிறவரை நெறியாளராக உட்காரவைக்காதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மாணவர்கள் அவருக்குப் பிடித்த பதிலைத்தான் தேடுவார்கள். வேறு வகுப்பு ஆசிரியர், மேல்வகுப்பு மாணவர், கல்லூரி என்றால் முன்னாள் மாணவர் என்று பார்க்கலாம். 12 முதல் 16 பேர் கொண்ட ஒரு குழுவுக்கு இரண்டு நெறியாளர்கள் வேண்டும், இருவரும் வெவ்வேறு பின்னணியில் வந்தவர்களாக இருப்பது நல்லது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1988-இல் தொடங்கிய குழுக்களிடை உரையாடல் திட்டமும் இருவர் இணைந்து நடத்தும் முறையைத்தான் பின்பற்றுகிறது. ஒருவர் பேச்சைக் கவனிப்பார், மற்றவர் முகங்களைக் கவனிப்பார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது. எதிரெதிரே உட்கார்ந்தால்தான் வட்டத்தின் இரண்டு பாதியும் பார்வைக்குள் வரும், ஒருவருக்கொருவர் சைகை காட்டவும் முடியும். "இங்கே நான் திணறுகிறேன், நீ எடுத்துக்கொள்" என்பதற்கு ஒரு சைகையை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். பேனாவைக் கீழே வைப்பது போதும்.

வெவ்வேறு ஆட்களை ஒரே அறையில் உட்காரவைத்தாலே வெறுப்பு குறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இலேயே இதற்கு நிபந்தனைகள் சொல்லிவிட்டார்: அந்த இடத்தில் எல்லோருக்கும் சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, போட்டியில்லாத கூட்டு வேலை, நிர்வாகத்தின் வெளிப்படையான ஆதரவு. பயிற்சியில் இதை மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம். தங்கள் அறைக்குப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாகப் பேசத் தெரிந்த நாலு பேர் மட்டுமே பேசினால் சம அந்தஸ்து போயிற்று. தலைமை ஆசிரியர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுதா, பாடம் நடத்தணும்" என்றால் நாலாவதும் போயிற்று.

ஒத்திகைக்கு முன் நெறியாளர்கள் ஒரு மணி நேரம் தங்களோடு உட்கார வேண்டும். ஒரு தாளில் மூன்று கேள்விகள்: எந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குக் கோபம் தலைக்கேறும்? எந்தப் பேச்சு வந்தால் நான் அவசரமாக வேறு பேச்சுக்குத் தாவுவேன்? எந்த மாதிரி மாணவரிடம் எனக்குத் தெரியாமலே கூடுதல் பொறுமை காட்டுகிறேன்? இந்தத் தாளை யாரும் வாங்கிப் பார்க்கக் கூடாது. எழுதியதில் ஒன்றை மட்டும் தன் ஜோடி நெறியாளரிடம் சொன்னால் போதும். எந்த இடத்தில் கை கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

விதிமுறைகளை மாணவர்களே சொல்ல வேண்டும், ஐந்தாறுக்கு மேல் போகக் கூடாது. "மரியாதையா இருக்கணும்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அதை அப்படியே பலகையில் எழுதுவதால் பயனில்லை. "மரியாதையா இருந்தா எப்படித் தெரியும்? கண்ணால பார்க்கிற மாதிரி சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். அப்போதுதான் "பேசி முடிக்கிறவரை குறுக்கே பேசக் கூடாது", "பெயர் சொல்லி வெளியில பேசக் கூடாது" என்று உருப்படியாக வரும். விருப்பமில்லாதவர் "நான் அடுத்தவருக்கு விடறேன்" என்று சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது என்பதை மட்டும் நெறியாளரே சேர்த்துவிட வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. "நீங்க சொல்றது எதுவும் இந்த அறையைத் தாண்டாது" என்று வாக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரு பிள்ளை வீட்டில் அடிவாங்குவதைச் சொன்னால், அல்லது தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதாகச் சொன்னால், அதைப் பொறுப்பானவரிடம் கொண்டுபோகத்தான் வேண்டும். "யாருக்காவது ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் நான் ஒருத்தர்கிட்ட சொல்லியாகணும்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதும் நெறியாளருக்குப் பெயரோடு தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி எழுதுவது தனிக் கலை. "பாகுபாடு தவறா?" என்று கேட்டால் பதினாறு பேரும் "தவறு" என்பார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "நம்ம வகுப்புல யார் எங்க உட்காரணும்னு எப்படி முடிவாகுது?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரும் பார்த்த விஷயம், யாரையும் குற்றவாளி ஆக்காத கேள்வி, ஆனால் ஆழம் உள்ளது. பார்த்தது, பட்டது, ஏன், இனி என்ன என்ற வரிசையில் கேள்விகளை அடுக்குங்கள். 90 நிமிட அமர்வுக்கு நாலு கேள்விக்கு மேல் தேவையில்லை, பெரும்பாலும் இரண்டுதான் ஓடும். ஒருவருடைய மனித மதிப்பையே பட்டிமன்றத் தலைப்பாக்கும் கேள்வியை வைக்கவே வைக்காதீர்கள். "இவர்களுக்கு இடம் கொடுக்கலாமா, கூடாதா" என்று இரண்டு அணி பிரித்தால், அந்த "இவர்கள்" அதே வட்டத்தில் உட்கார்ந்துகொண்டு தன்னைப் பற்றிய தீர்ப்பைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இனி ஒத்திகை. 7 பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள்: இருவர் நெறியாளர்கள், நாலு பேர் மாணவர்கள், ஒருவர் கவனிப்பவர். மாணவர்களாக நடிப்பவர்களிடம் ஒரு வரி எழுதிய சீட்டு இருக்கும். நெறியாளர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒரு காட்சிக்கு 7 நிமிடம், பிறகு 5 நிமிடம் பேச்சு, அதே இடத்திலிருந்து மறுபடியும் ஒரு முறை. இந்த மறுமுறையை நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள். முதல் முறை தடுமாறிய வாய் இரண்டாவது முறைதான் வழிக்கு வரும்.

சீட்டுகளில் என்ன எழுதுவது? ஒரு கேலி. "எனக்கு எல்லாரும் மனுஷங்கதான், நான் வித்தியாசமே பார்க்கிறதில்லை." "இப்பல்லாம் யாரு இதைப் பார்க்கிறா?" "நீயே சொல்லு, உங்க ஆளுங்களைப் பத்தி உனக்குத்தானே தெரியும்." அழுகை. எதற்கும் வாய் திறக்காத ஒருவர். எல்லாவற்றுக்கும் வாய் திறக்கிற ஒருவர். ஓர் எச்சரிக்கை: தன் வாழ்க்கையில் பட்ட அவமானத்தையே மறுபடி நடிக்கும்படி யாருக்கும் சீட்டுப் போகக் கூடாது. சீட்டை மாற்றிக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் இருக்க வேண்டும்.

காயப்படுத்தும் பேச்சு வந்த அந்தப் பத்து விநாடியைத்தான் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். முதல் வேலை, அந்தப் பேச்சு யாரைக் குறிக்கிறதோ அவரைப் பார்க்காமல் இருப்பது. நெறியாளரின் கண் போகிற திசையில் பதினாறு தலையும் திரும்பும், அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு அமர்வு முழுவதும் காட்சிப்பொருள்தான். பார்வை பேசியவர்மீதே இருக்கட்டும். "கொஞ்சம் நிறுத்துவோம்" என்று சாதாரணக் குரலில் சொல்லி, "எல்லாரும் அப்படித்தான்னு சொன்னீங்க. எதைப் பார்த்து அப்படித் தோணுச்சு?" என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் ஒரே ஒரு சம்பவம் வெளியே வரும். "அது ஒருத்தர் செஞ்சது. 'எல்லாரும்'னு சொல்லும்போது இங்க இருக்கிற யாருக்காவது அது வலிக்கும்" என்று பேச்சின் விளைவைச் சொல்ல வேண்டும். "நீ வெறுப்பு பிடிச்சவன்" என்று ஆளுக்கு முத்திரை குத்தினால் அவன் வாயை மூடிக்கொள்வான், கருத்து மாறாது. அதற்காகச் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால், காயப்பட்டவருக்கு நெறியாளரும் அந்தச் சிரிப்பில் சேர்ந்தவர்தான். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய தவறு. புதிய நெறியாளர்கள் அதிகம் செய்வதும் அதுதான். திட்டு என்றே தெரிந்து சொன்ன சொல்லுக்கு மட்டும் "ஏன் தோணுச்சு" என்ற விசாரணை தேவையில்லை. "இந்தச் சொல் இங்கே வேண்டாம்" என்று வெட்டிவிடலாம். அமர்வு முடிந்ததும் காயப்பட்டவரிடமும் சொன்னவரிடமும் தனித்தனியாக இரண்டு நிமிடம் பேசியே ஆக வேண்டும்.

மௌனத்துக்கும் பயிற்சி வேண்டும். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். 3 விநாடியோ அதற்கு மேலோ காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். இந்த மாதிரி பேச்சுக்கு 3 கூடப் போதாது. கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் எட்டு வரை எண்ணச் சொல்லுங்கள். ஒத்திகையில் அந்த எட்டு விநாடி யுகமாகத் தெரியும், அந்தத் தவிப்பு பழகட்டும். அப்படியும் யாரும் பேசாவிட்டால் ஒரு நிமிடம் எழுதவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசவிட்டு, பிறகு வட்டத்துக்கு வரலாம். அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981-இல் முன்வைத்த முறை இது, இன்றும் இதைவிடச் சுலபமான வழி இல்லை.

வசதி இருப்பவர்கள் ஓர் அடி முன்னால், இல்லாதவர்கள் ஓர் அடி பின்னால் என்று நிற்கவைக்கும் பயிற்சியை நான் விட்டுவிடச் சொல்வேன். முன்னால் நிற்பவருக்கு அது பாடம்தான், ஆனால் கடைசியில் தனியாக நிற்பவர்தான் அதற்கு விலை கொடுக்கிறார். பெயரில்லாமல் தாளில் எழுதவைத்து, கலைத்து, யாருடையதோ ஒன்றை ஒவ்வொருவரும் படிக்கட்டும். கையெழுத்து காட்டிக்கொடுக்காமலிருக்க எல்லோரும் பெரிய எழுத்தில் ஒரே நிறப் பேனாவில் எழுத வேண்டும்.

அமர்வுக்குப் பிறகு நெறியாளர்கள் இருவரும் 20 நிமிடம் உட்கார வேண்டும். ஒரு தாளில் வட்டம் போட்டு, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று குறித்து, எத்தனை முறை பேசினார்களோ அத்தனை கோடு போடுங்கள். ஒருவர் பக்கத்தில் ஒன்பது கோடும் ஐந்து பேர் பக்கத்தில் ஒன்றுமே இல்லாமலும் இருந்தால், அடுத்த அமர்வை ஜோடிப் பேச்சில் தொடங்கலாம். பயிற்சியிலேயே கவனிப்பவராக இருந்தவருக்கு இந்தக் கோடு போடுவது பழகியிருக்கும். ஒத்திகையில் இன்னும் திணறுகிறவரை உடனே நெறியாளராக அனுப்பாமல், முதல் இரண்டு அமர்வுக்கு இந்த வேலையை மட்டும் கொடுத்து வட்டத்துக்கு வெளியே உட்காரவையுங்கள்.