மதுரையில் சாப்பாடு: பரிமாறுகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம்

சென்னையிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு நெடுஞ்சாலை மோட்டல்களைப் பற்றி விளக்கத் தேவையில்லை. "வண்டி பத்து நிமிஷம் நிக்கும்" என்று ஒருவர் பஸ்ஸைத் தட்டிக்கொண்டே கத்துவார். தூக்கக் கலக்கத்தில் இறங்கி டோக்கன் வாங்க நிற்போம். இந்த முறை அம்மாவும் கூட வந்திருந்தார். "இட்லி சூடா இருக்காப்பா?" என்று அவர் கேட்டதற்கு, கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டோக்கனைத் தள்ளிவிட்டார். இட்லி ஆறிப் போயிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எழுபது வயதைத் தாண்டியவர் கேட்ட கேள்விக்கு ஒரு "இல்லம்மா" கூட வரவில்லையே என்பதுதான் மாட்டுத்தாவணியில் இறங்கும் வரை எனக்கு ஆறவில்லை.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. அந்தக் கடைக்கு நாம் வாடிக்கையாளரே இல்லை. பஸ்ஸை அங்கே கொண்டுவந்து நிறுத்தும் டிரைவரும் கண்டக்டரும்தான் வாடிக்கையாளர்கள். அவர்களுக்குத் தனி இடம், சுடச்சுடச் சாப்பாடு, காசும் கிடையாது. நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நாளைக்கும் பஸ் அங்கேதான் நிற்கப்போகிறது.

மதுரையில் சாப்பிடப் போகிறோம் என்றாலே எல்லோரும் பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கோனார் கடைக் கறிதோசை, அம்மா மெஸ் அயிரை மீன் குழம்பு, அப்புறம் ஜிகர்தண்டா. எல்லாம் நல்ல பட்டியல்தான். ஆனால் இந்தப் பயணத்தில் எனக்கு நிலைத்து நின்றது எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு சின்ன மெஸ். மீனாட்சி அம்மன் கோயிலில் மதியம் நடை சாத்தியதும் கூட்டம் மாசி வீதிகள் பக்கம் சாப்பாட்டுக்குக் கிளம்புமே, அந்த நேரத்தில் இடம் தேடிப் போய் நுழைந்த கடை.

ஐம்பது வயது மதிக்கத்தக்க சப்ளையர் ஒருவர் எங்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்ததும் இலை வந்தது, தண்ணீர் வந்தது, கூட்டும் பொரியலும் வந்தன. அசைவ மெஸ்ஸில் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். சுக்கா, ஈரல், கோலா உருண்டை, நண்டு ஆம்லெட், எலும்பு ரோஸ்ட் என்று சின்னச் சின்னத் தட்டுகளைப் பெரிய தாம்பாளத்தில் அடுக்கிக் கண்ணுக்கு முன்னால் நீட்டுவார்கள். பசியில் இருக்கிறவன் இரண்டு மூன்றைக் கை காட்டிவிடுவான். விலை பில்லில்தான் தெரியும். வேறொரு ஊரில் இப்படித்தான், சாப்பாட்டு விலையைப் போல மூன்று மடங்குக்குப் பில் வந்தது. விலை கேட்டபோதெல்லாம் "சாப்பிடுங்க சார், பார்த்துக்கலாம்" என்றே பதில் சொன்னார்கள். அன்று தின்ற வஞ்சிரம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் கடைப் பக்கம் நான் மறுபடி போகமாட்டேன்.

இங்கே அவர் தாம்பாளத்தை இறக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் விலை சொன்னார். அம்மா சுக்காவைக் காட்டியதும், "அம்மா, இன்னைக்கு மிளகு கொஞ்சம் தூக்கலா விழுந்துருச்சு. உங்களுக்கு ஈரல் நல்லா இருக்கும், மெத்துன்னு வெந்துருக்கு" என்றார். ஈரல் சுக்காவைவிட விலை குறைவு. விற்க வந்தவர் விலை கூடியதை வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டு அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதோடு முடியவில்லை. அம்மாவுக்குக் கடைவாய்ப் பற்கள் இல்லை, சோற்றை விரலால் நன்றாக மசித்துத்தான் சாப்பிடுவார். நாங்கள் யாரும் சொல்லவில்லை. ரெண்டாவது சோறு போட வந்தவர் இலையைப் பார்த்தார், வாளியோடு திரும்பிப் போனார், அடிச்சட்டியில் குழைந்திருந்த சோற்றை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார். "இதுல ரசம் ஊத்திக்கங்கம்மா. மெதுவா சாப்பிடுங்க, அவசரமே இல்ல." பின்னால் ஆட்கள் இடத்துக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களையும் அவரே சமாளித்து வேறு வரிசைக்கு அனுப்பினார்.

நாங்கள் வெளியூர்க்காரர்கள், மறுபடி வருவோம் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மோட்டல்காரருக்கு நாம் எப்படியோ அப்படித்தான் இவருக்கும். ஆனால் இந்த மெஸ் ஓடுவது தினமும் வருகிற கடைக்காரர்களையும் ஆபீஸ்காரர்களையும் நம்பி. அவர்களைக் கவனித்துக் கவனித்துப் பழகிய கண், புதிதாக வந்தவர் இலையையும் அப்படித்தான் பார்க்கும் என்று நினைக்கிறேன். முதலாளியும் கல்லாவோடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அடிக்கடி எழுந்து வந்து, யார் இலை காலியாக இருக்கிறது என்று பார்த்துக் குரல் கொடுத்தார். ஒரு சப்ளையருக்கு ஒரே வரிசை. எட்டு மேஜைக்கு ஒருவரை ஓடவிட்டுப் பணிவைப் பற்றிப் பாடம் எடுத்து என்ன ஆகப்போகிறது?

மறுநாள் காலை டிபன் சாப்பிட்ட இடத்தில் பரிமாறியது அசாமிலிருந்து வந்த ஒரு பையன். "கெட்டிச் சட்னியா, தண்ணிச் சட்னியாண்ணே?" என்று கேட்ட அழகைக் கேட்க வேண்டும். சாம்பார் வாளியை அம்மா தேடவே விடவில்லை அந்தப் பையன்.

முந்தின நாள் மெஸ்ஸிலிருந்து கிளம்பும்போது அந்தச் சப்ளையரிடம் ஐம்பது ரூபாய் கொடுத்திருந்தேன். வாங்கத் தயங்கினார். "இப்பல்லாம் எல்லாரும் கல்லாவுல ஸ்கேன் பண்ணிட்டுப் போயிடுறாங்க தம்பி. மிச்சக் காசுன்னு எதுவும் கையில இருக்கிறதில்ல" என்றார், குறையாக இல்லாமல் சாதாரணமாக. முன்பு பில்லோடு சோம்புத் தட்டில் விழுந்துகொண்டிருந்த பத்து, இருபது ரூபாய் நின்றுபோனதை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

பெருநகர ரெஸ்டாரன்ட்கள் சிலவற்றில் பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் சேர்ந்து வரும். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. ஹோட்டல்காரர்கள் வழக்குப் போட்டார்கள், டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. எனக்கு அதில் முழுச் சம்மதம். யாருக்குப் போகிறது என்றே தெரியாத பத்து சதவீதத்தைவிட, குழைந்த சோறு கொண்டுவந்தவர் கையில் நேராகக் கொடுப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த மெஸ்ஸில் சப்ளையர்கள் சாப்பிடுவது கூட்டம் ஓய்ந்து, மூன்றரை மணிக்கு மேல்தானாம். அதுவரை நின்றபடிதான். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. சுவரோரம் இரண்டு ஸ்டூல் போட அந்த மெஸ்ஸில் தாராளமாக இடம் இருக்கிறது. இவ்வளவு நன்றாகக் கடை நடத்துகிற முதலாளி அதையும் செய்ய வேண்டும் என்று கல்லாவில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "செஞ்சுருவோம் தம்பி" என்றார்.

மதுரை போகிறவர்கள் பன்னிரண்டரைக்குள் மெஸ்ஸுக்குப் போய்விடுங்கள், நெரிசல் இருக்காது. சட்டைப் பையில் கொஞ்சம் சில்லறை நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.