திடீரென்று நான் மேடம் ஆனேன்

செப்டம்பர் 30, 2024, திங்கள்
அரையாண்டுக் கடைசி. அக்கவுண்ட்ஸில் இருக்கும் என்னை, மாலை 6 மணிக்கு மேல் மாடியிலிருந்து 14 பில் போடச் சொன்னார்கள். சேல்ஸ் மேனேஜருக்கு டார்கெட் காட்டியாக வேண்டும். லாரி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான். கிண்டியில் பஸ் பிடிக்கும்போது மணி 9.

அக்டோபர் 4, வெள்ளி
அந்த 14-இல் எந்தச் சரக்கு கேட் தாண்டியது, எது பேக்கிங்கிலேயே கிடக்கிறது? சரக்கை அனுப்பும் டெஸ்பாட்ச் அண்ணன் பட்டியல் தந்தால்தான் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது ஜிஎஸ்டிக்கான மாத விற்பனைக் கணக்கு, போட முடியும். கெடு 11-ஆம் தேதி. இந்த முறை அன்றைக்கு சரஸ்வதி பூஜை லீவு வேறு. இன்டர்காமில் மூன்று தடவை கேட்டாயிற்று. மூன்று தடவையும் "தரேம்மா."

"எம்டிக்கு சிசி வச்சு ஒரு மெயில் தட்டு, அப்பத்தான் அசைவாங்க" என்றார் பக்கத்து சீட் சீனியர் அக்கா. அந்த வேலை எனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டேன். சொன்னபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் ஆடிட்டர் ஆபீஸ் மெயிலுக்குப் பதில் போடும்போது, "எங்கள் டெஸ்பாட்சுக்கு மாதாமாதம் 11-ஆம் தேதி புதிதாகப் பிறக்கிறது" என்று ஒரு வரி சேர்த்தேன். அங்கிருந்து சிரிப்பு பொம்மை வந்தது.

அக்டோபர் 7, திங்கள்
டீ நேரம் முழுக்க நேற்றைய மெரினா பேச்சு. விமான சாகசம் பார்க்கப் போன கூட்டத்தில் 5 பேர் இறந்துவிட்டார்கள். டிடிஎஸ் என்ற பிடித்த வரியைக் கட்டக் கடைசி நாள் என்பதால் மதியம் அதிலேயே கரைந்தது. ஆடிட்டர் ஆபீஸ் மறுபடி கேட்டது. அந்த மெயிலை அப்படியே அண்ணனுக்கு ஃபார்வர்டு செய்தேன்: "கொஞ்சம் பாருங்கண்ணா."

அக்டோபர் 8, செவ்வாய்
காலை 9.10-க்குப் பட்டியல் வந்துவிட்டது. பில் நம்பர், வண்டி நம்பர், கேட் தாண்டிய நேரம், எல்லாம் கட்டம் கட்டி. மேலே "மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு".

மேடமா? இரண்டு வருஷமாக "என்னம்மா", "சாப்டியாம்மா" என்று கேட்ட மனுஷன். மெயிலை இழுத்து இழுத்துக் கீழே போனேன். பிறந்த 11-ஆம் தேதி பத்திரமாக உட்கார்ந்திருந்தது. வயிற்றைப் பிசைந்தது.

சீனியர் அக்காவிடம் புலம்பினால், "நான் சிசி வைன்னுதானே சொன்னேன், நக்கல் பண்ணச் சொன்னேனா?" என்கிறார். அதுவும் சரிதான்.

அக்டோபர் 9, புதன்
கீழே போனேன். "உக்காருங்க மேடம்" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். துடைக்காமல் போட்டிருக்கலாம்.

"தப்பா எழுதிட்டேண்ணா."

"உங்களுக்கு எழுத்து நல்லா வருது மேடம்."

அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. ஒரு நீள நோட்டைத் திருப்பி வைத்தார். 30-ஆம் தேதி: 14 பில், 2 லாரி. வண்டி ஏறாத சரக்குக்குப் போட்ட இ-வே பில்லை, அதாவது சரக்கோடு ரோட்டில் போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டை, 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தாக வேண்டும். ராத்திரி 11 வரை உட்கார்ந்து 5 பில் ரத்து செய்திருக்கிறார். இன்னும் 4-க்கு என்ன செய்வதென்று சேல்ஸில் கேட்டால் "நாளைக்குச் சொல்றேன்". அந்த நாளை நேற்றுத்தான் விடிந்ததாம். இத்தனை மாதம் "எப்ப தருவீங்க" என்று கேட்ட நான், "ஏன் லேட்" என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அக்டோபர் 10, வியாழன்
ஆபீஸ் பூஜை. கால்குலேட்டர், ஸ்டேப்ளர், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். கேட்டில் பூசணிக்காய் உடைத்தது அண்ணன்தான். பொரி பாக்கெட்டை எல்லோருக்கும் கொடுத்த மாதிரி எனக்கும் கொடுத்தார். போன வருஷம் என் பாக்கெட்டில் கடலை தனியாக அள்ளிப் போட்டவர்.

3.40-க்கு ஜிஎஸ்டிஆர்-1 போட்டு முடித்தேன். பிறகு சேல்ஸ் மேனேஜர் அறைக்குள் போனேன். மெயில் இல்லை, சிசி இல்லை.

"சார், மாசக் கடைசி பில்லுல எது நிக்குது, எது ரத்துன்னு 1-ஆம் தேதி மதியத்துக்குள்ள நீங்களே சொல்லிடுங்க."

"அது டெஸ்பாட்ச் வேலைம்மா."

"11-க்குள்ள நாம போடலைன்னா 14-ஆம் தேதி கஸ்டமருக்கு வர்ற 2பி கொள்முதல் பட்டியல்ல நம்ம பில் வராது சார். வரி கிரெடிட் கிடைக்கலைன்னு பேமென்ட்டை நிறுத்துவாங்க. அலையப் போறது நீங்கதான்."

பேமென்ட் என்றதும் பேனாவை எடுத்தார். எழுதினாரா, சும்மா உருட்டினாரா தெரியவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்
விடாத மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் நேற்றிலிருந்தே கார்கள் வரிசை கட்டிவிட்டன. ஐடி கம்பெனிகளை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது அரசு. நாங்கள் ஐடி இல்லை. என் கணக்கில் ஒரு லீவு போச்சு.

11 மணிக்கு அண்ணன் போன். "ஸ்டோர்ஸ்ல தண்ணி வருது மேடம். கீழ் ரேக்குல இருந்த உங்க வவுச்சர் பெட்டியெல்லாம் மேல ஏத்திட்டேன்." நன்றி சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

அக்டோபர் 18, வெள்ளி
டீக்கடையில் மசால் வடை நான்கு வாங்கிக்கொண்டு கீழே போனேன். சுவரில் தினசரி காலண்டர் இருந்த ஆணியில் மாதக் காலண்டர் தொங்கியது. நவம்பர் பக்கம் திருப்பி, 11-ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"பிரசவத் தேதி குறிச்சாச்சு மேடம்."

பேக்கிங் பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அவர் வடையைப் பிய்த்து, பாதியை என் பக்கம் நகர்த்தினார்.