செட்டிகுளத்தில் ஒரு மென்பொருள் அலுவலகம், ஒரு தட்டுக் கிழங்கு

எங்கள் வடிவமைப்பு வகுப்பிலிருந்து செட்டிகுளத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தைப் பார்த்துவரப் போனோம். முதலில் ஆட்டோ விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனம் ஆறாது. நாகர்கோவில் மீனாட்சிபுரம் அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து செட்டிகுளம் எவ்வளவு தூரம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வீசி நடந்தால் போய்விடலாம். அதற்கு ஒரே ஆட்டோவில் ஏறிய எங்கள் நான்கு பேரிடம் 150 ரூபாய்! "ஒருவழிப் பாதை தம்பி, சுற்றித்தான் போக வேண்டும்" என்றார் ஆட்டோக்காரர். சுற்றினார் என்பது உண்மைதான். அதற்கு எங்கள் பர்ஸா கிடைத்தது?

பேரம் பேச நேரமில்லாமல் போனதற்குக் காரணம் பஸ். தக்கலையில் ஏறியபோதே நிற்க இடமில்லை. வில்லுக்குறி, தோட்டியோடு என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் இன்னும் நான்கு பேர் ஏறி, வந்து சேரவே நேரமாகிவிட்டது. 2021 முதல் சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பதால் எங்கள் வகுப்புப் பெண்களுக்குச் செலவே கிடையாது. அவர்கள் உட்கார்ந்தும் போனார்கள். பொறாமையாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

வழி, செலவு, சாப்பாடு என்று வரிசையாக எழுதுவதாக வகுப்பில் சொல்லியிருந்தேன். அது நடக்காது போலிருக்கிறது. அலுவலகத்துக்கே வந்துவிடுகிறேன்.

முதல் ஒரு மணி நேரம் கூட்ட அறையில் நிறுவனப் பெருமை கேட்டோம். ஏசி நன்றாக இருந்தது. வெள்ளைத் திரையில் வெளிர் சாம்பல் எழுத்து. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்று எங்களுக்குப் பாடமே நடத்தியிருக்கிறார்கள். வடிவமைப்பு மாணவர்களைக் கூப்பிட்டு வைத்து இப்படியா?

அதன்பிறகு சோதனைப் பிரிவில் ஓர் அக்காவிடம் எங்களை ஒப்படைத்தார்கள். போன பணத்துக்கு மதிப்பு அங்கேதான் வந்தது. அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே முழுக்கப் பழைய போன்கள். கண்ணாடி விரிசல் விட்டது, மூலை உடைந்தது, விலை குறைந்தது என்று எல்லாம் கிடந்தன. ரப்பர் பால் கொள்முதல் கணக்குக்காக ஒரு செயலி செய்துகொண்டிருந்தார்கள். பெரிய மானிட்டரில் அது அழகாக இருந்தது. அதையே அந்த விரிசல் போனில் திறந்து எங்களை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெயிலில் பாதி எழுத்தைக் காணவில்லை.

இன்னொன்று காட்டினார். 'முழுத் தொகை' என்ற சொல்லில் மு, ழு இரண்டின் அடிச்சுழியும் வெட்டுப்பட்டு 'மழத் தொகை' என்று நின்றது. ஆங்கில எழுத்தைப் பார்த்து வரியின் உயரத்தை வைத்துவிட்டார்களாம். தமிழ் எழுத்துக்குக் கீழேயும் இடம் வேண்டும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அந்த நிமிடமே தங்கள் புராஜெக்டை நினைத்துத் தலையில் கைவைத்தார்கள்.

என் மாமா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். "இருட்டில் இந்த வெள்ளைத் திரை கண்ணைக் குத்தாதா அக்கா?" என்று கேட்டேன். "வெட்டும்போது யார் போனைத் திறக்கிறார்கள்? எடை போடும் இடத்தில்தான் பார்ப்பார்கள். அப்போது நல்ல வெயில், விரலில் பால் காய்ந்து ஒட்டியிருக்கும்" என்றார். அதனால்தான் பொத்தான்கள் அவ்வளவு பெரிதாக இருந்தன. இவர்கள் கொள்முதல் இடத்துக்கே போய் நின்று பார்த்திருக்கிறார்கள். ஒரு மணி நேரப் பெருமைக்குப் பதிலாக அதைச் சொல்லியிருக்கலாமே!

மதியச் சாப்பாடு நிறுவனம் தரும் என்று நம்பிப் போனோம். பிஸ்கட்டும் சாயாவும் தந்தார்கள். பசியோடு இறங்கிப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கடையைப் பிடித்தோம். அவித்து மசித்த மரச்சீனிக் கிழங்கு, மேலே தேங்காய் அரைத்த சாளை மீன் குழம்பு. புளி தூக்கலாக, முருங்கைக்காய் கிடந்தது. 60 ரூபாய்க்கு வயிறு நிறைந்துவிட்டது. கடைக்காரம்மா கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். ஆட்டோவுக்குக் கொடுத்ததில் இன்னும் இரண்டு தட்டு வாங்கியிருக்கலாம்!

அடுத்த ஆண்டு போகிறவர்கள் கூட்ட அறையைச் சுருக்கச் சொல்லி முன்பே ஆசிரியரிடம் பேசிவிடுங்கள். உங்கள் தமிழ்த் திரைகளையும் போனில் ஏற்றிக்கொண்டு போங்கள், அந்த அக்கா பார்த்துச் சொல்கிறார். பேருந்து நிலையத்தில் இறங்கினால் நடங்கள்.