எடை குறையும் என்ற பயம்

சேலம் பனங்காட்டில் எங்களுக்கு ஒரு சின்னக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. போன வருடம் புதிதாகச் சேர்ந்த 5 பேரில் 3 பேர் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. கூலி பத்தவில்லை போல என்று கூட்டிக் கொடுத்தேன். அப்படியும் போனார்கள்.

வேலையை விட்டு நின்றுபோன பையன் ஒருவன் பாக்கிக் கூலி வாங்க வந்தான். டீ வாங்கிக் கொடுத்து, "ஏன் தம்பி நின்னுட்ட?" என்றேன். ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எடை குறைஞ்சா திருடிட்டேன்னு நினைச்சிருவீங்களோன்னு பயமா இருந்துச்சுங்கண்ணா."

காலையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்போம், சாயங்காலம் எடை போட்டு வாங்குவோம். கம்பி வெட்டும்போதும் அரம் போட்டு ராவும்போதும் தூள் உதிரும். கை பழகாதவனுக்குச் சேதாரம் கூடத்தான் செய்யும். தொழிலில் ஊறினவர்களுக்கு இது தெரியும். புதுப்பையனுக்கு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் அவன் கணக்கில் அரை கிராம் குறைந்திருக்கிறது. நான் தராசைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போயிருக்கிறேன். எனக்கு அது நினைவில்கூட இல்லை. அவன் அன்று ராத்திரி தூங்கவில்லையாம்.

அப்புறம்தான் ஆள் சேர்க்கிற முறையையே மாற்றினோம். முன்பு அட்வான்ஸ் கொடுத்து ஆள் பிடிப்போம். கடன் தீரும்வரை நிற்பார்கள், மனசு இருக்காது. அதை நிறுத்திவிட்டேன். இப்போது 2 நாள் கூலி கொடுத்து உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறோம். பிடித்தால் சேரலாம்.

முதல் மாதம் புதியவர் மூத்தவர் ஒருவருக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். மடியில் துணி விரிப்பது, உதிரும் தூளைத் தட்டில் சேர்ப்பது எல்லாம் மூத்தவர் காட்டிக் கொடுப்பார். தராசை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்து நோட்டில் எழுத வேண்டும். "அவன் குறைச்சா நான் எதுக்குப் பதில் சொல்லணும்?" என்று மூத்தவர் கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த மாதச் சேதாரத்தைப் பட்டறைக் கணக்கில் ஏற்றினேன், சொல்லிக் கொடுப்பதற்கு அவருக்குத் தனிக் கூலியும் வைத்தேன்.

பத்தாவது ஆள் வந்ததும் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. சம்பளத்தில் 0.75 சதவீதம் வேலை செய்கிறவர்கள் பங்கு, 3.25 சதவீதம் என் பங்கு. 12,000 ரூபாய்க்கு அவர்களிடம் 90 ரூபாய் பிடிப்போம், நான் 390 ரூபாய் கட்டுவேன். சனிக்கிழமை கூலியில் பிடித்தபிறகு சொன்னால் சண்டைதான் வரும். அதனால் சேருகிற அன்றே நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டிவிடுகிறேன். முத்து கோக்க வந்த அக்கா, "எங்கம்மாவுக்கும் வைத்தியம் பார்க்கலாங்களா?" என்று கேட்டார். அவரை நம்பித்தான் அம்மா இருக்கிறார், அதனால் பார்க்கலாம் என்றதும் அன்றைக்கே ஆதார் நகல் கொண்டுவந்து கொடுத்தார்.

இந்த முறையில் சேர்ந்த 4 பேரும் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பையன் இப்போது சிவதாபுரத்தில் வேறு பட்டறையில் இருக்கிறான். போன் பண்ணி, அன்று பேசாமல் எழுந்து போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்கண்ணா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, தம்பி ஒருத்தன் வேலை தேடுகிறான், அனுப்பட்டுமா என்று கேட்டான்.