ஐந்தும் ஆறும் எழுபத்தேழு

போன தவணையில் ஒரு வியாழக்கிழமை, தரம் 9 கணிதக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். எளிய சமன்பாடு. எக்ஸிலிருந்து 2ஐக் கழித்து 3ஆல் பெருக்கினால், எக்ஸின் இரண்டு மடங்கோடு 5ஐக் கூட்டியதற்குச் சமன். எக்ஸ் என்ன? விடை 11.

ஒரு கொப்பியில் 77 என்று இருந்தது. அடைப்பை நீக்கியது சரி, பக்கம் மாற்றியது சரி, கடைசிக்கு முதல் வரியில் 5 + 6 என்று அழகாக எழுதி, அதற்குக் கீழே 77. அடுத்த கொப்பியிலும் 77. மொத்தம் ஆறு கொப்பி. ஐந்தையும் ஆறையும் கூட்டினால் எழுபத்தேழு வருகிற வகுப்புக்குத்தான் நான் இவ்வளவு நாளும் படிப்பித்திருக்கிறேன்.

கணிதத்தில் பிழையான விடைக்குத்தான் ஊர், பெயர் எல்லாம் உண்டு. சரியான விடை யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. பிழையானதைப் பிடித்துக்கொண்டு போனால் வீட்டு வாசல்வரை போகலாம். போனேன். வகுப்பில் ஒருவன் ஒன்றுக்குத் தலையில் நீளக் கொக்கி போட்டு எழுதுவான். அவனுடைய 11ஐத் தூரத்திலிருந்து பார்த்தால் நானே 77 என்றுதான் சொல்வேன். அவன் கணக்கைச் சரியாகத்தான் செய்திருந்தான்.

“தம்பி, இந்த எழுபத்தேழு எப்படி வந்தது?” என்று ஆறு பேரில் ஒருவனைக் கேட்டேன்.

“செய்துதான் சேர்.”

“சரி, பலகையில செய்து காட்டு பாப்பம்.”

வெண்கட்டியை வாங்கினான். 5 + 6 வரைக்கும் வந்து நின்று, திரும்பி என்னைப் பார்த்தான். அப்புறம் அவனே சிரித்துவிட்டான்.

விடை வந்த வழி இதுதான்: முதல்நாள் இரவு கொக்கிக்காரன் தன் தாயின் போனில் பக்கத்தைப் படம் எடுத்து ஒரு கூட்டாளிக்கு அனுப்பியிருக்கிறான். 2020இல் பாடசாலைகளை மூடியபோது வீட்டுவேலை வட்ஸ்அப்புக்குள் போனதல்லவா, பாடசாலை திறந்த பிறகும் அந்தக் குழுக்கள் கலையவில்லை. கூட்டாளி வீட்டிலிருந்தே பார்த்து எழுதிவிட்டான். காலையில் நிலாவெளி பஸ்ஸில் அவனிடமிருந்து மூன்று பேர். பஸ்ஸில் எழுதியதை எழுத்தே காட்டிக்கொடுக்கும். முழங்காலில் வைத்து எழுதினால் சமன் குறிகூட நேராக நிற்காது. மிச்சம் இரண்டு பேர் காலைப் பிரார்த்தனை மணிக்கு முன்னால், வகுப்பின் கடைசி மேசையில்.

ஏசுவதற்கு வாய் வரவில்லை. நான் திருகோணமலை மாவட்டத்து ஆலங்கேணிக்காரன். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை எங்களுக்குப் பாதைதான். வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன், இந்தப் பாதை தெரு இல்லை. ஆளையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற மிதவை. அக்கரையில் நிற்கும் பாதை இக்கரைக்கு வருவதற்குள் ஒரு பாட வீட்டுவேலையைப் பார்த்தெழுதி முடித்துவிடலாம். சைக்கிள் கரியரில் கொப்பியை வைத்து எழுதியிருக்கிறேன். இப்போதைய பிள்ளைகள் 396 மீற்றர் பாலத்தை ஒரு நிமிடத்துக்குள் தாண்டிவிடுகிறார்கள், பாவம், அந்த நேரமும் இல்லை.

உண்மையில் நேரம்தான் இல்லை. காலை ஏழரையிலிருந்து ஒன்றரை வரை எட்டுப் பாடம். தமிழ் டீச்சர் கட்டுரை கொடுத்தது எனக்குத் தெரியாது, நான் பத்துக் கணக்குக் கொடுத்தது விஞ்ஞான டீச்சருக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றவுடன் ரியூசன். அங்கேயும் வீட்டுவேலை உண்டு. அதைத்தான் பிள்ளைகள் முதலில் செய்வார்கள், ஏனென்றால் அதற்கு வீட்டில் காசு கட்டியிருக்கிறது. செய்யாமல் போனால் மாஸ்டர் இரவே தகப்பனுக்கு போன் எடுப்பார். நான் யாருக்கும் போன் எடுப்பதில்லை.

என் பக்கத்துக் களவையும் சொல்ல வேண்டும். வகுப்பில் 36 பேர், பாடம் 40 நிமிடம். கொப்பிக்கு ஒரு நிமிடம் என்றாலே பாடம் முடிந்துவிடும். அதனால் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, திகதி, கையெழுத்து, அடுத்தது. பத்துக் கணக்கில் எட்டை நான் பார்ப்பதே இல்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த 77 முதலாவது கணக்காக இல்லாமல் ஆறாவதாக இருந்திருந்தால் அதற்கும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

2022இல் கொப்பி விலை ஏறிக் கிடந்தபோது, தாளை மிச்சம் பிடிக்க மூன்று கணக்குத்தான் கொடுத்தேன். அப்போது மூன்றையும் நானும் பார்த்தேன், அவர்களும் செய்தார்கள். பிறகு பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழும்பி, “சேர், தவணை முடியப்போகுது, கொப்பி பாதியும் நிரம்பேல்லையே” என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். கொப்பி நிரம்பினால்தான் படிப்பு நடக்கிறது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நானும் பயந்து பழையபடி பத்துக்குத் திரும்பிவிட்டேன். அது என் பிழை.

எழுபத்தேழுக்குப் பிறகு திரும்ப மூன்று. இரண்டை அவர்கள் செய்ய வேண்டும். மூன்றாவதை நானே வேண்டுமென்று பிழையாகச் செய்து கொடுப்பேன். எந்த வரியில் பிழைத்தது, ஏன் என்று ஒரு வசனத்தில் எழுத வேண்டும். பார்த்தெழுதினாலும் வசனத்தைக் கொஞ்சமாவது மாற்றி எழுத வேண்டியிருக்கிறது, அதற்கு வாசிக்க வேண்டியிருக்கிறது. பிழை கண்டுபிடிப்பதில் பின்வரிசைக்காரர்கள்தான் கெட்டிக்காரர்கள். ஒரு பிள்ளை நான் வைத்த பிழையை விட்டுவிட்டு, நான் வைக்காத இன்னொரு பிழையைக் கண்டுபிடித்தாள். அவளுக்கு இரண்டு சரி போட்டேன்.

பார்த்தெழுதுவது நின்றுவிட்டதா என்றால் இல்லை. போன கிழமை கொக்கிக்காரனின் கொப்பியைத் திறந்தேன். கொக்கி அப்படியே இருக்கிறது. ஆனால் விடை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், காசோலையில் எழுதுவதுபோல, எழுத்திலும் எழுதியிருக்கிறான்: எக்ஸ் சமன் 17, பதினேழு மாத்திரம்.