ஆரூரில் ஒரு சாயரட்சை

மகனின் வலக்கைச் சுட்டுவிரல் முறிந்து, மிருதங்கத்தில் 'மீட்டு' என்னும் விரலடி விழாமல் போயிருந்த நாட்களில், விரல் பழையபடி பேசினால் திருவாரூர்த் தியாகேசர் சந்நிதியில், சாயரட்சை என்னும் மாலைப் பூசையில், குடமுழா என்னும் ஐந்துமுக முழவான பஞ்சமுக வாத்தியம் கேட்க அவனை அழைத்து வருவதாக என் தாயார் வேண்டிக்கொண்டார். முழங்கால் வலியோடு அவரும் புறப்பட்டார்.

கமலாலயக் குளக்கரையில் இறங்கியதுமே, வரிசையில் நிற்காமல் தரிசனம் செய்து வைப்பதாக ஒருவர் விடாமல் பின்தொடர்ந்தார். காசு கொடுத்து முன்னால் போய் நிற்பது வேண்டுதலில் சேராது என்று அம்மா மறுத்துவிட்டார்.

நகராத வரிசையில் பேச்சு வாத்தியத்தைப் பற்றியே சுற்றியது. முசுகுந்தச் சக்கரவர்த்தி தேவலோகத்திலிருந்து தியாகேசரைக் கொண்டுவந்தபோது இதுவும் உடன் வந்தது என்பது அம்மாவின் கட்சி. ஆயிரம் கை படைத்த வாணாசுரன் வாசித்தது என்றுதான் வாத்தியார் சொன்னார் என்றான் மகன். காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில், ஈசன் ஆடும் காட்டின் வாத்தியங்களை அடுக்கும்போது குடமுழாவையும் பெயர் சொல்லி வைக்கிறார். ஆனால் அதற்கு எத்தனை முகம் என்று சொல்லவில்லை. பெயரும் குடத்தைத்தான் குறிக்கிறதே தவிர, ஐந்தை எண்ணவில்லை. ஆகவே குடம் முந்தியது, சத்தியோசாதம் முதல் ஈசானம் வரையிலான சிவனின் ஐந்து முகங்கள் ஆகம வழியில் பிற்பாடு அதன்மேல் ஏறியவை என்பது என் எண்ணம். "அவன் முகம் ஐந்தும் என்றைக்கு இல்லாமல் இருந்தது?" என்று அம்மா ஒரே கேள்வியில் என் வாயை அடைத்தார்.

திரை விலகி, தீபாராதனையில் தியாகேசரின் முகம் மட்டும் பூக்களுக்கு நடுவே தெரிந்த கணத்தில் அந்த நாதம் எழுந்தது. நடுமுகத்தில் விழுந்த அடி அடங்குமுன் சுற்றுமுகம் ஒன்று பதில் சொல்ல, செப்புக் குடத்தின் வயிற்றுக்குள் அந்த ஒலி உருண்டுகொண்டே இருந்தது. என் முன்கையில் ஏதோ தட்டுவதுபோல் இருக்கவே குனிந்து பார்த்தேன். மகனின் அதே சுட்டுவிரல், அவன் அறியாமலேயே, ஒவ்வொரு அடிக்கும் உடன் விழுந்துகொண்டிருந்தது. தியாகேசா, என் அப்பனே, அதற்குப் பிறகு எந்தத் தீபம் எப்போது காட்டினார்கள் என்பது எனக்கு நினைவில்லை; கண் மறைத்துவிட்டது.

வெளிப்பிராகாரத்துக்கு வந்த பிறகுதான், அர்ச்சனைத் தட்டு உடைக்காத தேங்காயோடு என் கையிலேயே இருப்பதை அம்மா கவனித்தார். மறுபடியும் வரிசையில் போய் நின்றோம். இந்த முறை அவர் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.